‘செப்பேட்டு வரைபடம்’ வேண்டாம், ‘தகட்டச்சு நிலப்படம்’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய ஆங்கிலோ-சாக்சன் அரசுகளைக் காட்டும், செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட 17ஆம் நூற்றாண்டு நிலப்படங்களைத் தமிழில் ‘செப்பேட்டு வரைபடம்’ என்று அழைக்கலாம் என ஒரு யோசனை வந்திருக்கிறது. சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருளைத் திசைதிருப்பிவிடும். செப்பேடு என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் வேள்விக்குடிச் செப்பேடுதான் வரும். அங்கே எழுத்து வெட்டிய செம்பே ஆவணம். இங்கே செம்பு அச்சிடும் தகடு மட்டுமே, படம் இருப்பது தாளில்.

வேலை நடக்கும் முறையைப் பாருங்கள். செதுக்குபவர் கூரான உளியால் ஊர்ப்பெயர், ஆறு, எல்லைக்கோடு எல்லாவற்றையும் தகட்டில் இடவலம் மாற்றி வெட்டுகிறார். அப்புறம் தகடு முழுக்க மை தேய்த்து மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே செலுத்தும்போது, தாள் அந்தப் பள்ளங்களுக்குள் அழுந்தி மையை எடுத்துக்கொள்கிறது. மரக்கட்டை அச்சில் இதற்கு நேர்மாறாக மேடுதான் பதியும். நிறங்கள் பிறகு தூரிகையால் கையில் தீட்டியவை. ஆகவே ‘தகட்டச்சு நிலப்படம்’ என்பதே என் பரிந்துரை.

கூடவே இன்னொரு சொல்லும் நமக்கு வேண்டும். தகட்டின் விளிம்பு படத்தைச் சுற்றித் தாளில் லேசான பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும். அதைத் ‘தகட்டுத்தடம்’ எனலாம். ஓரத்தை நறுக்கிய படங்களில் அது போய்விடுகிறது.

அடுத்து, ஆங்கிலேய நிலப்பட வரைஞர் ஜான் ஸ்பீடின் படத் தலைப்பில் வரும் ‘ஹெப்டார்க்கி’, அதாவது அந்த ஏழு அரசுகளைக் குறிக்கும் சொல். 1611-12இல் வெளியான அவருடைய நிலப்படத் தொகுப்பில் உள்ள படம் அது. தொகுப்பின் பெரும்பாலான தகடுகளை ஆம்ஸ்டர்டாமில் யோடோகஸ் ஹோண்டியஸ் செதுக்கினார். இந்தப் படத்தின் இடப்பக்கம் கென்டின் ஹெங்கிஸ்ட் முதலான ஏழு தொடக்க அரசர்கள், வலப்பக்கம் அரச குலங்கள் கிறித்தவம் தழுவிய ஏழு காட்சிகள். டச்சு நிலப்பட வெளியீட்டாளர்கள் பிளாவும் (1645) யான்சனும் (1646) இதே அமைப்பைப் பின்பற்றினார்கள்.

ஹெப்டார்க்கிக்கு ‘ஏழரசுக் கூட்டாட்சி’ என்ற மொழிபெயர்ப்பை ஏற்கவே முடியாது. நார்தம்ப்ரியா, மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, எசெக்ஸ், கென்ட், சசெக்ஸ், வெசெக்ஸ் ஆகியவை ஒருபோதும் கூட்டாட்சியாக இருந்ததில்லை. 825இல் எல்லண்டூன் போரில் வெசெக்ஸ் அரசர் எக்பர்ட் மெர்சியப் படையை முறியடித்ததை எந்தக் கூட்டாட்சியில் அடக்குவது? ஹ்விக்கே, லிண்ட்சி போன்ற அரசுகளும் இருந்ததால் ‘ஏழு’ என்ற எண்ணிக்கையே பிற்கால வசதிக்கு வைத்ததுதான். ஆனால் படத்தின் தலைப்பில் அது இருப்பதால் நமக்கும் ஒரு சொல் தேவை.

‘ஏழரசு’ போதும். ‘எழுவரசு’ வேண்டாம். உயிரெழுத்துக்கு முன் ஏழாயிரம், ஏழரை என்றே நெடிலாக நிற்கிறது. ‘எழுகடல்’ போல மெய்க்கு முன்தான் அது குறுகும்.

தலைப்பைச் சுற்றி வரையும் அலங்காரச் சட்டத்துக்கு ‘தலைப்புச்சட்டம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அதில் எனக்கே நிறைவில்லை. சிற்பம், ஓவியம் அறிந்தவர்கள் நல்ல சொல் தாருங்கள்.