லிவிங்ஸ்டனின் கடைசி வார்த்தை எது?

நூலகவாசி:
அடிமை வணிகம் என்ற உலகத்தின் புண்ணை ஆற்ற உதவுகிறவர் யாரானாலும் அவருக்கு வானத்தின் ஆசி கிடைக்கட்டும் என்பதே ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் கடைசியாக எழுதிய வார்த்தைகள் என்று அருள்ஒளி நேற்று போட்டிருந்தார். தவறு. அது நியூயார்க் ஹெரால்டு பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தின் முடிவு. 1872 மே 1 அன்று, இன்றைய தான்சானியாவில் உள்ள உன்யன்யெம்பேயில் எழுதி முடித்தார். இறந்தது 1873 மே 1. முழுசாக ஒரு வருஷம் இடைவெளி!

அருள்ஒளி:
லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அவர் கல்லறையிலேயே 'கடைசி வார்த்தைகள்' என்று வெட்டியிருக்கிறது. வெட்டியவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

நூலகவாசி:
நாட்குறிப்பைப் படித்தவனுக்குத் தெரியும். கடைசிப் பதிவு 1873 ஏப்ரல் 27. உடம்பு ஓய்ந்துபோனது, கறவை ஆடு வாங்க ஆள் அனுப்பியது, மொலிலாமோ ஆற்றங்கரையில் தங்கியிருப்பது. அவ்வளவுதான்.

அருள்ஒளி:
ஆடு வாங்கியதையா கல்லில் வெட்டுவார்கள்? காங்கோவின் நியாங்வே சந்தையில் 1871 ஜூலையில் அடிமை வணிகர்கள் பெண்களைச் சுட்டுத் தள்ளியதைக் கண்ணால் பார்த்த மனிதர். அதை அவர் எழுதி அனுப்பியதால்தான் லண்டனே கொதித்தது. 1873இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது. அந்த மனசுக்கு எது கடைசி வார்த்தை?

நூலகவாசி:
மனசைப் பற்றி நான் பேசவில்லை. தேதியைப் பற்றிப் பேசுகிறேன். ஏப்ரல் 27.

கரையோரன்:
அதே கல்லில் 'விசுவாசமான கைகள்' கொண்டுவந்தன என்று மட்டும் இருக்கிறது. அவருடைய ஆப்பிரிக்க உதவியாளர்கள் சூசி, சுமா பெயர்கள் எங்கே? அவர் இதயத்தை மரத்தடியில் புதைத்துவிட்டு, உடலை வெயிலில் உலர்த்திக் கடற்கரை வரை சுமந்தவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அதற்கு யாருக்கும் கோபம் வராதா?

நூலகவாசி:
அது வேறு விஷயம். தனித் திரி தொடங்குங்கள்.

கரையோரன்:
லிவிங்ஸ்டனைத் தேடிப் போன பத்திரிகையாளர் ஸ்டான்லி பற்றிய திரியிலும் இதையே சொல்லித்தான் என்னை விரட்டினீர்கள். மறக்கவில்லை.

தென்றல்:
அடிமை வணிகர்களின் கூட்டத்தோடு சேர்ந்து பயணம் செய்து, அவர்கள் சோற்றைச் சாப்பிட்டவர்தானே இவர்? கடிதத்தில் மட்டும் ஆசியா?

அருள்ஒளி:
காய்ச்சலில் கிடந்தவனுக்குச் சோறு போட்டது யார் என்று கணக்குப் பார்க்கிறீர்களா? வெட்கமாக இல்லை?

தென்றல்:
முதலில் 'கடைசி வார்த்தை' என்றால் பேசியதா, எழுதியதா? அதைச் சொல்லுங்கள்.

நூலகவாசி:
கல்லில் 'எழுதினார்' என்றே இருக்கிறது. எழுதியது ஆட்டைப் பற்றி. ஏப்ரல் 27. இரண்டு நாளாகக் கேட்கிறேன், அருள்ஒளி இந்தத் தேதியைத் தொடவே இல்லை.

அருள்ஒளி:
கல்லைப் போய்ப் படியுங்கள் ஐயா.

நூலகவாசி:
நாட்குறிப்பைப் படியுங்கள். ஏப்ரல் 27.