பாதி பாதம் அகற்றியவரின் ஷூ இன்சோலுக்கு மெடிக்ளெய்மில் பணம் கிடைக்குமா?

கேள்வி:
வணக்கம். சர்க்கரை நோயால் புண் ஆறாமல் போனதால், ஜூன் மாதம் என் தந்தையின் வலது பாதத்தின் முன்பகுதியை விரல்களோடு சேர்த்து அகற்றினார்கள். மருத்துவமனைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் தந்துவிட்டது. ஆனால், இல்லாத விரல்களின் இடத்தை நிரப்பும் ஃபில்லர் வைத்த இன்சோலுக்கும் (ஷூவுக்குள் வைக்கும் அடித்தட்டு) ஷூவுக்கும் அனுப்பிய பில்லை, "காலணிக்குப் பணம் இல்லை" என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். அது இல்லாமல் அப்பா நடந்தால் ஷூவின் முனை மடங்கித் தையல் போட்ட இடத்தை உரசுகிறது. இதைக் காலணி என்று எப்படிச் சொல்வது?

மறுமொழி 1:
பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், ஐயா. பாலிசியின் பின்னிணைப்பில் வழக்கமாக இருக்கும், பணம் தரப்படாத பொருள்களின் பட்டியலில், முழங்காலைத் தாங்கும் பிரேஸோடு 'டயாபெட்டிக் ஃபுட்வேர்' (சர்க்கரை நோயாளிகளுக்கான காலணி) என்பதும் இருக்கிறது. கடைக்காரர் அப்படி எழுதியிருந்தால் பரிசீலிப்பவர் அதற்கு மேல் படிக்கமாட்டார். ஃபில்லர் வைத்த இன்சோல் உண்மையில் பாதத்தின் ஒரு பகுதிக்கான செயற்கை உறுப்பு. எந்த இடம் வரை அகற்றப்பட்டது, இது எதற்குத் தேவை என்பதை அறுவை மருத்துவர் சீட்டில் எழுதித் தரட்டும். ஆயினும், உடலுக்கு வெளியே அணியும் சாதனங்களையே விலக்கும் விதி உங்கள் பாலிசியில் தனியாக இருந்தால், பெயரை மாற்றி எழுதுவதால் பயன் இராது.

மறுமொழி 2:
தேதியையும் பாருங்கள். வீடு திரும்பிய பிறகான செலவைப் பெரும்பாலான பாலிசிகள் 60 அல்லது 90 நாள் வரைதான் ஏற்கின்றன. வெட்டிய முனையின் வீக்கம் வடிந்து வடிவம் நிலைக்கவோ அதைவிட அதிக நாளாகிறது. என் தாயாரின் முதல் இன்சோல் மூன்றே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது. இரண்டாவதை எங்கள் கைப்பணத்தில்தான் செய்தோம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பில்லில் 'டயாபெட்டிக் ஷூ, 1 ஜோடி' என்றுதான் இருக்கிறது. வீடு திரும்பிய 74ஆம் நாள் வாங்கியது. பாலிசியில் 90 நாள்.

மறுமொழி 3:
அப்படியானால் இன்சோலுக்கும் ஷூவுக்கும் தனித்தனியே விலை பிரித்த பில்லைக் கேளுங்கள். எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள், நிறுவனத்தைச் சேராத காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்) முறையிடலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஷூவின் விலையை விட்டுவிட்டு இன்சோலுக்கு மட்டும் வாதாடுவதே நல்லது என்பது என் கருத்து. அடுத்த இன்சோலுக்கு, நீங்கள் சென்னையில் இருந்தால், கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள்.