பழைய எக்ஸ்பி டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர் விண்டோஸ் 7-ல் திறக்கவில்லை

கருவேலன்:
வணக்கம். பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் எக்ஸ்பி இருந்த 80 ஜிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமல், இன்னொரு டிஸ்க்கில் விண்டோஸ் 7 போட்டாயிற்று. பழையது டி டிரைவாகத் தெரிகிறது. அதில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' உள்ளே அப்பா பெயரில் உள்ள ஃபோல்டர் திறக்க மறுக்கிறது. 'கன்டினியூ' கொடுத்தாலும் செக்யூரிட்டி டேப்புக்குப் போகச் சொல்கிறது. அங்கே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண். என் லாகின் அட்மினிஸ்ட்ரேட்டர்தான். என்ன செய்யலாம்?

திருப்புளி:
அந்த எண்தான் எக்ஸ்பியில் இருந்த அப்பாவின் அக்கவுன்ட். டிஸ்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் முறையான என்டிஎஃப்எஸ் உரிமையைப் பெயரில் எழுதாது, எண்ணில்தான் எழுதும். விண்டோஸ் 7-ல் அதே பெயரில் அக்கவுன்ட் திறந்தாலும் எண் வேறாகிவிடும், அதனால் பயன் இல்லை.

முதலில் ஓனரை மாற்றுங்கள். ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு, ஓனர் டேப், எடிட். உங்கள் பெயரைத் தேர்ந்து, கீழே 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்' என்பதில் டிக் போட்டு ஓகே. டிக் விட்டுப்போனால் மேல் ஃபோல்டர் மட்டும் திறக்கும், உள்ளே இருப்பவை அப்படியே பூட்டியிருக்கும்.

பிறகு எல்லா ப்ராப்பர்ட்டீஸ் ஜன்னல்களையும் மூடிவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும். மூடாவிட்டால் பழைய நிலையையே காட்டும். இப்போது அட்வான்ஸ்டு, சேஞ்ச் பெர்மிஷன்ஸ், ஆட். உங்கள் பெயருக்கு ஃபுல் கன்ட்ரோல். 'ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட் பெர்மிஷன்ஸ்' என்று தொடங்கும் வரியிலும் டிக். பட்டியலில் 'டினை' (மறுப்பு) என்று ஏதாவது இருந்தால் நீக்குங்கள், பொதுவாக அது 'அலவ்'வை (அனுமதியை) அடித்துவிடும்.

ஆலமரம்:
இதைச் செய்யும் முன் ஒன்று. அந்த டிஸ்க்கிலிருந்து எக்ஸ்பி இன்னும் பூட் ஆகிறதா? பூட் ஆகுமானால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பயாஸ் பூட் மெனுவில் அதைத் தேர்ந்து, அப்பா அக்கவுன்ட்டில் நுழைந்து, வேண்டியதை டிரைவின் மேல்மட்டத்தில் ஒரு புது ஃபோல்டருக்குக் காப்பி எடுப்பதுதான் நல்லது. கட், பேஸ்ட் வேண்டாம். அதே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய உரிமையும் கூடவே போகும். காப்பி செய்தால் புது ஃபோல்டரின் உரிமையை எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபைல் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் அது என்கிரிப்ட் ஆனது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது. அதற்கு ஓனரை மாற்றி எதுவும் ஆகாது. சாவி அப்பாவின் எக்ஸ்பி ப்ரொஃபைலுக்குள், அவர் பாஸ்வேர்டோடு கட்டுண்டு இருக்கிறது. பாஸ்வேர்டு மறந்தாலும், அதை ரீசெட் செய்யும் சிடி எதையும் போடாதீர்கள். லாகின் திறக்கும், பச்சை ஃபைல்கள் நிரந்தரமாகப் போய்விடும்.

கருவேலன்:
எக்ஸ்பி பூட் ஆகவில்லை, நீலத்திரை வருகிறது. திருப்புளி சொன்னபடி செய்தேன், திறந்துவிட்டது. பச்சை எதுவும் இல்லை. சி டிரைவில் உள்ள 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' கூட மறுக்கிறதே, அதையும் இப்படியே செய்யலாமா?

திருப்புளி:
வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 7-ல் அது ஃபோல்டரே இல்லை, 'யூசர்ஸ்' ஃபோல்டரைக் காட்டும் வெறும் திசைகாட்டி. பழைய புரோகிராம்களுக்காக வைத்தது. திறக்கக் கூடாதென்றே அதில் எவ்ரிஒன் (எல்லோரும்) பெயரில் 'டினை' போட்டிருக்கிறார்கள். சி டிரைவின் ரூட்டிலோ (மேல்மட்டத்திலோ) விண்டோஸ் ஃபோல்டரிலோ ஓனரை மாற்றினால் விண்டோஸ் சரியாக இயங்காமல் போகலாம், திரும்பச் சரிசெய்வது பெரும்பாடு. டி-யில் உள்ளவற்றைப் புது டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்தபிறகு பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி எடுத்து வையுங்கள்.