வண்டிப் பராமரிப்பை நாமே கற்றுக்கொள்ள வேண்டுமா, பட்டறையிடம் விடுவதுதான் சரியா?

வேளச்சேரிவாசி:

அடைமழை தொடங்குமுன் எங்கள் குடியிருப்பில் இருசக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிப்படைப் பராமரிப்பு வகுப்பு நடத்தலாம் என்று சங்கக் கூட்டத்தில் முன்மொழிந்தேன். டயர் காற்று, என்ஜின் ஆயில் அளவு, செயின் தொய்வு, பிரேக் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது, விருப்பமுள்ளவர்களுக்கு ஆயில் மாற்றவும் பழக்குவது என்பதுதான் திட்டம். "அப்புறம் மெக்கானிக் எதற்கு இருக்கிறார்?" என்று பாதிப்பேர் மறுத்துவிட்டார்கள். இரண்டு தரப்பையும் இங்கே கேட்க விரும்புகிறேன். என் தரப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையிலும் எங்கள் பகுதி மூழ்கியதை எல்லோரும் அறிவீர்கள். தண்ணீரில் நின்றதால் கெட்ட வண்டிகள் ஒருபுறம் இருக்க, தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் செல்ஃப் போட்டதால் கெட்ட வண்டிகளை நான் என் தெருவிலேயே பார்த்தேன். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் பிஸ்டனை இயக்கும் கம்பியான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்து, ஆயில் பால் ஊற்றிய காப்பியைப்போல வெளுத்திருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்ப் பட்டறையில் விட வேண்டும். இதை மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்யலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த நாளில் எந்த மெக்கானிக்கின் தொலைபேசியும் கிடைக்காது, பாதி ஊர் அவரைத்தான் அழைத்துக்கொண்டிருக்கும்.

முகப்பேர் கணக்காளர்:

நண்பரே, நீங்கள் எடுத்த உதாரணமே உங்கள் வகுப்புக்கு எதிராகப் பேசுகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்பதற்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு தாளில் அச்சிட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினாலே போதும். அந்த நியாயத்தை வைத்து எல்லோர் கையிலும் ஸ்பேனரைக் கொடுப்பது என்னால் ஏற்க முடியாத தாவல்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 (புகை வெளியீட்டு விதி) வண்டிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. முன்பெல்லாம் அப்பாவிடம் கற்றுக்கொண்டு வீட்டு வாசலில் ஐட்லிங் திருகைத் திருப்பிச் சரிசெய்த பழக்கத்துக்கு இன்றைய வண்டியில் இடமே இல்லை, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் மாட்டித்தான் காரணம் பார்க்க வேண்டும். வாரன்ட்டிக் காலத்தில் இருக்கும் வண்டியென்றால், குறிப்பிட்ட கிலோமீட்டரில் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் சர்வீஸ் செய்ததற்கான பதிவு இல்லாவிட்டால் பின்னால் நிறுவனத்தோடு வழக்காட வேண்டியிருக்கும்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் ஆயில் மாற்றுகிறவரின் கை எப்போதும் புதுக் கையாகவே இருக்கும். ஒரு பட்டறைப் பையன் ஒரே நாளில் செய்கிற வேலையைச் செய்து பழக நமக்குப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை நம் வண்டியையும் நம் உயிரையும் வைத்துத்தான் நாம் பயிற்சி எடுக்க வேண்டும். வடித்த பழைய ஆயிலை என்ன செய்வீர்கள் என்பதற்கும் பதில் இல்லை. அது 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிற பொருள். வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் இருக்கும் சாக்கடையில் ஊற்றினால், மழைநீர் வடிகால் வழியே கூவத்துக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்ச் சேரும்.

திருவான்மியூர் ஆசிரியை:

கணக்காளர் ஐயா, பழுது பார்ப்பதையும் பழுது இருக்கிறதா என்று பார்ப்பதையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவதைக் கற்காதவர்தான் பட்டறையில் ஏமாறுகிறவர்.

டிரம் பிரேக் உள்ள பெரும்பாலான வண்டிகளில், பின்சக்கரத்தில் பிரேக் கம்பி வந்து சேரும் சிறு கையின் அடியில் ஓர் அம்புக்குறி இருக்கும், அதற்கு எதிரே டிரம் மூடியில் இன்னொரு குறி வார்க்கப்பட்டிருக்கும். ஒருவர் பிரேக்கை முழுக்க அழுத்த, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். அழுத்தும்போது அம்பு எதிர்க்குறியோடு நேருக்கு நேர் வந்துவிட்டால் டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். வராவிட்டால் இன்னும் ஓடும். ஒரு சர்வீஸ் நிலையத்தில் என் வண்டிக்கு ஷூ மாற்ற வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதினார்கள். நான் பிரேக்கை அழுத்திப் பிடித்து அம்பைப் பாருங்கள் என்றேன். எழுதியவர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அந்த வரியை அடித்துவிட்டார். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஸ்பேனரும் இல்லை, பல ஆண்டுப் பழக்கமும் இல்லை. பெண்கள் வண்டி கொண்டுபோனால் "உங்களுக்குப் புரியாது, விட்டுவிட்டுப் போங்கள்" என்கிற குரல் இன்னும் பல இடங்களில் கேட்கத்தான் செய்கிறது.

எங்கள் பக்கம் கடற்காற்று வேறு. மூடியில்லாத செயின் உள்ள வண்டியை இரண்டு வாரம் கவனிக்காமல் கடற்கரையோரத் தெருவில் நிறுத்திவைத்தால் இணைப்புகளில் துரு பூத்துவிடும். அதைத் துடைத்து எண்ணெய் போடுவதற்கு எந்தப் பட்டறைக்குப் போய் வரிசையில் நிற்பது? பங்க்கில் காற்று அடிக்கிறவர் கேட்கும்போது முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, பின்னால் ஆள் ஏறினால் எவ்வளவு என்று சொல்லத் தெரியாமல் இரண்டு டயரிலும் ஒரே அளவு அடித்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! வண்டியோடு தருகிற கையேட்டில் அது அச்சிட்டே இருக்கிறது.

ராயப்பேட்டை பட்டறை:

ஆசிரியை அம்மா சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அம்புக்குறி பார்க்கத் தெரிந்த வாடிக்கையாளர் வந்தால் எனக்கு வேலை சுலபம். என் மறுப்பு ஆயில் மாற்றக் கற்றுக்கொடுப்பதில்தான், அது பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் சொல்வதும் இல்லை. வீட்டில் கழற்றிவிட்டுப் பிறகு என்னிடம் கொண்டுவருகிற வண்டியில் எனக்குக் கிடைக்கிற கூலி, சாதாரண ஆயில் சேஞ்சுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு.

காரணத்தைக் கேளுங்கள். ஆயிலை வடிக்கக் கழற்றுகிற டிரெயின் போல்ட் இரும்பு, அது ஏறுகிற கிராங்க்கேஸ், அதாவது என்ஜினின் அடிக்கூடு, அலுமினியம். சூடான என்ஜினின் அடியில் படுத்துக்கொண்டு பார்க்காமலே போல்ட்டை ஏற்றுகிறவர், அது கொஞ்சம் சாய்ந்து ஏறினாலும் ஸ்பேனரால் இறுக்கிவிடுகிறார். மரை போய்விடுகிறது. சிறிய பைக்குகளில் அந்தப் போல்ட்டுக்கு 30 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கமே போதும். நம் ஆட்களோ ஆயில் சொட்டிவிடுமோ என்ற பயத்தில் ஸ்பேனரோடு குழாயைச் சொருகித் திருப்புகிறார்கள். கேஸைப் பிரித்து மரை போட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் கேஸையே மாற்ற வேண்டும்.

அடுத்தது ஆயில். கியர் பைக்கின் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுவது, அதற்கு ஜாசோ (ஜப்பானியத் தர அளவு) எம்ஏ என்று குறித்த ஆயில் வேண்டும். ஸ்கூட்டரின் கிளட்ச் உலர்ந்தது, அதற்கு வருகிற ஜாசோ எம்பி ஆயிலில் வழுக்கல் கூடுதல். விலை குறைவு என்று எம்பியையோ கார் ஆயிலையோ பைக்கில் ஊற்றினால், மேம்பாலம் ஏறும்போது கிளட்ச் வழுக்கி என்ஜின் அலறும், வண்டி நகராது. 800 மில்லி பிடிக்கிற வண்டியில் வாங்கிய ஒரு லிட்டரையும் வீணாக்க மனமில்லாமல் ஊற்றி வருகிறவர்களும் உண்டு.

எனக்கு உண்மையான கவலை பிரேக்கைப் பற்றியது. ஒரு வகுப்பில் ஆயில் மாற்றக் கற்றவர் அதோடு நிற்க மாட்டார், அடுத்த மாதம் டிஸ்க் பிரேக்கின் மூடியைத் திறப்பார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155க்கு இறங்கிவிடலாம். பிரேக் சூடேறி அந்த ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும், லீவரை இழுத்தால் வெறுமையாக உள்ளே போகும். சென்னை போன்ற கடலோர ஊரில் மூடியைத் திறந்துவைத்துவிட்டு யூடியூப் பார்ப்பது விளையாட்டு அல்ல.

கிண்டி பயிற்றுநர்:

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தப் படிப்பு இரண்டு ஆண்டு. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடக்க முடியாது என்பதில் பட்டறை நண்பரோடு உடன்படுகிறேன். ஆனால் மரை போவதற்குக் காரணம் கற்றுக்கொண்டது அல்ல, கற்காமலே தொட்டது. போல்ட்டைக் கையிலே பிடித்து, முதலில் இடப்பக்கமாகத் திருப்பி, மரை 'டக்' என்று உட்காருவதை விரலில் உணர்ந்த பிறகு வலப்பக்கம் திருப்ப வேண்டும். விரல் பலத்தில் நான்கைந்து சுற்று ஏறாத போல்ட்டில் ஸ்பேனரை வைக்கவே கூடாது. வாஷரைப் புதிதாக மாற்றினால், சொட்டும் என்ற பயத்தில் அதிகம் இறுக்க வேண்டிய தேவையே வராது. இதை முதல் வாரத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிடுவோம்.

கணக்காளர் ஐயா சொன்ன 'புதுக் கை' வாதம்தான் இந்த விவாதத்தில் எனக்குக் கனமாகப் படுகிறது. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு பார்ப்போம். எந்த வேலை அடிக்கடி வருகிறதோ அதில் கை பழகும், ஆகவே அதைத்தான் உடையவர் கற்க வேண்டும். டயர் காற்று வாரம் ஒருமுறை, வண்டி குளிர்ந்திருக்கும்போது. ஆயில் அளவு மாதத்துக்கு இரண்டு முறையாவது, வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி. செயின் அதைப் போலவே. செயினில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கீழ்ச்செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால், பல பைக்குகளுக்கு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தி மறுபடியும் பாருங்கள், இன்னொரு கால் சுற்று நகர்த்திப் பாருங்கள். தேய்ந்த செயின் ஓரிடத்தில் தொங்கும், மற்றோரிடத்தில் விறைத்து நிற்கும். அந்த வேறுபாடு கண்ணுக்குப் பட்டால் இனி இறுக்கிப் பயனில்லை, செயினையும் அது ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வருடத்துக்கு ஓரிரு முறை வருகிற வேலையைப் பட்டறைக்கு விடலாம். ஆயில் மாற்றுவது என் கணக்கில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, மேற்பார்வை இருந்தால் கற்றுக்கொடுப்பேன். டிஸ்க் பிரேக்கை நானும் தொடச் சொல்ல மாட்டேன்.

முகப்பேர் கணக்காளர்:

பயிற்றுநர் ஐயாவின் அளவுகோலை மதிக்கிறேன், ஆனாலும் அதில் ஓட்டை இருக்கிறது. அடிக்கடி வருகிற வேலையே ஆபத்தான வேலையாகவும் இருக்கலாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டுக்கொண்டே துணியால் செயின் துடைக்கிறவர்களை நீங்கள் பார்த்ததில்லையா? துணி சிக்கினால் விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். செயினை இறுக்குவதற்குப் பின்சக்கர அச்சு நட்டையே தளர்த்த வேண்டும், அதைத் திரும்ப முழுதாக இறுக்காமல் ஓஎம்ஆர் சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு யார் பொறுப்பு? சங்கம் பொறுப்பேற்குமா?

கிண்டி பயிற்றுநர்:

என்ஜின் ஓடும்போது செயினைத் தொடவே கூடாது, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும் என்பது யாராவது சொல்லிக்கொடுத்தால்தானே தெரியும் ஐயா? நீங்கள் பார்த்தவர்கள் எல்லோரும் வகுப்புக்குப் போகாமல் தாமாகச் செய்தவர்கள். அச்சு நட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்: தொய்வு பார்ப்பது வரை உடையவர், இறுக்குவது பட்டறை.

வேளச்சேரிவாசி:

அப்படியானால் திட்டத்தை மாற்றி எழுதுகிறேன். காற்று, ஆயில் அளவு, செயின் தொய்வும் துடைப்பும், பிரேக் அம்புக்குறி, வெள்ளத்தில் நின்ற வண்டி ஆகியவை எல்லோருக்கும். ஆயில் மாற்றுவது, வாரன்ட்டி முடிந்த வண்டிகளுக்கு மட்டும், பயிற்றுநர் ஐயா வர இசைந்தால், அவர் பக்கத்தில் நிற்கும்போது. பழைய ஆயில் விஷயத்துக்கு மட்டும் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

முகப்பேர் கணக்காளர்:

ஆயில் மாற்றும் பகுதி நீங்காதவரை என் கருத்து மாறாது. மற்றவற்றுக்கு நான் ஆட்சேபிக்கவில்லை.

ராயப்பேட்டை பட்டறை:

ஆயில் மாற்றும் பகுதியை நானும் இன்னும் எதிர்க்கிறேன். ஆனால் எப்படியும் செய்வீர்கள் என்றால், வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதே ஆயில் வந்த டப்பாவில் திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, எந்தத் தேதி வடித்தது என்று எழுதி என் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர் வந்து எடுக்கிற பீப்பாயில் சேர்த்துக்கொள்கிறேன், காசு வேண்டாம். தண்ணீரோ பெட்ரோலோ பிரேக் ஆயிலோ கலந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதைத் தனி டப்பாவில் வைக்க வேண்டும். ஒரு டப்பா கலந்தாலும் முழுப் பீப்பாயையும் அவர்கள் எடுக்க மறுத்துவிடுவார்கள்.