மறு: டேக் + ஹெட்போன் ஆம்ப், தமிழில் என்ன? ('மாற்றி' வேண்டாம், 'அலைமீட்டி' எப்படி?)

நண்பர்களே, வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது, நான் இன்று காலைதான் மொத்தமாக உட்கார்ந்து படித்தேன். கேட்டவர் கேட்டது எளிய கேள்வி. கைபேசியிலோ மடிக்கணினியிலோ செருகி, மறுமுனையில் ஹெட்போனை மாட்டுகிற அந்தக் கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. சமாச்சாரத்தை (எண்களாக இருக்கும் பாட்டை ஒலி அலையாக்கும் 'டேக்' சில்லும், அதைப் பெருக்கும் ஆம்ப்ளிபையரும் ஒன்றாக அடங்கியது) பார்த்து வாங்குவது எப்படி என்று கட்டுரை எழுதுகிறார், அதற்கு என்ன பெயர் போடுவது? நாம் ஆளாளுக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டோம், ஒன்றைக்கூட அவர் தலைப்பில் போட முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதில் இரண்டு நான் வேறொரு இழையில் எப்போதோ கொடுத்தவை.

> இலக்கமுறை-ஒப்புமை மாற்றி (டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டர், அதாவது டேக்) என்பதே துல்லியம். நீளமாக இருந்தால் என்ன?

நீளத்தை விடுங்கள் ஐயா, எனக்கு இடிப்பது அந்தக் கடைசிச் சொல். போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். புதுக் கைபேசியில் ஹெட்போன் ஓட்டை இல்லை (2016-இல் ஐபோன் 7 பரவலாக்கிய வழக்கம், இப்போது பல போன்களில் இல்லை). ஒரு கடையில் "டைப்-சி ஹெட்போன் கன்வெர்ட்டர்" என்று கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். இரண்டும் வெள்ளை ஒயர், அரைச் சாண் நீளம், அச்சு அசல் ஒரே மாதிரி. ஒன்று 80 ரூபாய், இன்னொன்று 700. என்ன வித்தியாசம் என்றேன். "இது கம்பெனி சார்" என்றார். சரி, கம்பெனி பெயருக்கு எதற்கு 620 ரூபாய் என்று 80 ரூபாய்க்காரனை வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் ஏறி, செருகி, பாட்டை அழுத்தினேன். காதில் ஒன்றும் வரவில்லை. போனின் ஸ்பீக்கரில் பெட்டி முழுக்கக் கேட்டது. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா முறைத்த முறை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த 80 ரூபாய் ஒயருக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் கம்பி. போனே தன் உள்ளிருக்கும் சில்லில் எண்களை ஒலி அலையாக்கி டைப்-சி வாய் வழியாக வெளியே அனுப்பினால் மட்டும் அது வேலை செய்யும், சில போன்கள் அனுப்பும், என்னுடையது அனுப்பாது. 700 ரூபாய் ஒயரின் தடித்த முனையில் ஒரு சில்லு இருக்கிறது, அது எண்களாகவே வாங்கி அங்கேயே அலையாக்குகிறது. ஆக, நாம் பெயர் தேடுகிற பொருள் இரண்டாவது. ஆனால் கடையில் இரண்டுமே 'கன்வெர்ட்டர்', தமிழில் போட்டால் இரண்டுமே 'மாற்றி'. இதோடு மின்மாற்றி, முனை மாற்றி என்று வரிசையாக எத்தனையோ இருக்கின்றன. வாங்குபவர் ஏமாறுவது எந்த இடமோ அந்த இடத்திலேயே பெயர் மழுங்கியிருந்தால் அதில் என்ன துல்லியம் இருக்கிறது?

> ஆம்ப்ளிபையர்தானே, ஒலிபெருக்கி என்று சொல்லிவிடலாமே.

முடியாது. அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. ஊர்த் திருவிழாவில் 'ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள்' என்றால் வேப்பமரத்தில் தொங்கும் குழாயைத்தான் பார்ப்போம். உண்மையில் பெருக்குகிற பெட்டி மைக் செட்காரர் காலடியில் இருக்கும், அதை அவர் 'ஆம்ப்ளி' என்பார். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு 'விரியலாக்கி' என்று இருப்பதை மட்டக்களப்பு நண்பர் நினைவூட்டினார், விக்கிப்பீடியாவில் 'மிகைப்பி' இருக்கிறது, தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் 'பெருக்கி'. எனக்குப் 'பெருக்கி' போதும். புதிதாக ஒன்றும் வேண்டாம். ஹெட்போனையும் ஹெட்போனாகவே விடச் சொல்வேன். 'தலையணி' என்று எழுதினால் பிழைதிருத்தி அதைத் தலையணை ஆக்குகிறது, 'காதணி' என்றால் நகைக்கடை, 'காதுப்பெருக்கி' என்றால் காது பெரிதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆனால் பெருக்கி என்ற பெயரைப் பார்த்து 'அதிகம் பெருக்குவது நல்லது' என்று வாங்கிவிடக் கூடாது, கட்டுரையில் இதை விரிவாகவே எழுதுங்கள். ஹெட்போனின் ஓம் (மின்தடை) எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1 வோல்ட் தருகிற ஒரு சின்ன ஒயர், 32 ஓம் காதுக்கருவிக்குக் கிட்டத்தட்ட 31 மில்லிவாட் தள்ளும் (வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வருவது), அதுவே செவிப்பறைக்குத் தாராளம். அதே 1 வோல்ட்டை 300 ஓம் உள்ள சென்ஹைசர் ஹெச்டி 600-க்குக் கொடுத்தால் 3.3 மில்லிவாட்தான். கேட்கும், ஆனால் மெல்லிய ஆலாபனையில் ஒலிக்குமிழைக் கடைசி வரை திருகிவிட்டு இன்னும் கொஞ்சம் இருக்காதா என்று தவிப்போம். வோல்ட்டை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபெல் கூடும், அவ்வளவே. ஆப்பிளின் அந்தக் குட்டி ஒயரையே எடுத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவில் விற்பது ஏறக்குறைய 1 வோல்ட், ஐரோப்பாவுக்கான வடிவம் அதில் பாதி. பெயரும் உருவமும் ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்பவர்கள் கவனிக்க.

இன்னொன்று, பெருக்கியின் சொந்த ஓம், அதாவது அதன் வெளியீட்டு மின்தடை. ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. 16 ஓம் காதுக்கருவியை 10 ஓம் வாயில் மாட்டினால், சில வகைகளில் தாழ்சுருதியும் மேல்சுருதியும் அளவு மாறிக் கேட்கும், நாம் காதுக்கருவியைத் திட்டுவோம்.

இப்போது 'டேக்' பக்கம் வருகிறேன்.

> 'அலையாக்கி' எளிமையாக இருக்கிறதே?

எனக்கும் நேற்று வரை அதுதான் பிடித்திருந்தது. ஆனால் அலையியற்றி என்று ஆசிலேட்டருக்குப் பாடநூலில் இருக்கிறது, அது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அலையை உண்டாக்குகிற சுற்று. நம் பொருள் அப்படி எதையும் உண்டாக்குவதில்லை. பாடகர் பாடியபோது ஒரு அலை இருந்தது. ஒலிப்பதிவில் அதை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக எழுதி வைத்தார்கள், இது சிடி கணக்கு. இந்தச் சில்லு அந்த எண்களிலிருந்து பழைய அலையைத் திரும்ப எடுக்கிறது. புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது போல என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியில்லை. அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் வேகமாக அளந்திருந்தால், அந்தப் புள்ளிகள் வழியாக, அந்த எல்லைக்குள் அடங்கிய அலை ஒன்றே ஒன்றுதான் போக முடியும். அமெரிக்கக் கணித அறிஞர் க்ளாட் ஷானன் 1949-இல் இதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். அதாவது இழந்ததை ஊகிப்பது கிடையாது, இருந்ததை மீட்பது.

அதனால் என் பரிந்துரை: அலைமீட்டி.

வீணையை மீட்டுகிறோம், நினைவை மீட்டுகிறோம். இலங்கையில் பரீட்சைக்கு முன் படித்ததைத் திரும்பப் பார்ப்பதை 'மீட்டல்' என்பார்கள். இசைக்கருவிக்கும் திரும்பப் பெறுவதற்கும் ஒரே சொல் அமைந்திருக்கும்போது அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இலக்கணப் புலிகள் பாய்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: மீட்பது என்பதிலிருந்து வந்தால் 'மீட்பி' என்றுதான் வர வேண்டும், 'மீட்டி' மீட்டுதலிலிருந்து வருவது. தெரியும். நினைவை மீட்டுதல் என்று வழங்குவதால் இரண்டாவது வழியிலேயே இரு பொருளும் கிடைக்கின்றன என்பது என் வாதம். ஏற்காதவர்கள் 'அலைமீட்பி' எழுதட்டும், சண்டைக்கு வரமாட்டேன். வாயில் ஓடாது என்று மட்டும் சொல்வேன்.

எதிர்ச்சொல் சோதனையும் செய்து பார்த்தேன். மைக்கிலிருந்து வரும் அலையை எண்ணாக எழுதும் சில்லுக்கு 'எண்ணாக்கி'. எண்ணாக்கி, அலைமீட்டி: இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்தாலும் குழம்பாது. பழைய பெயரில் 'இலக்கமுறை-ஒப்புமை', 'ஒப்புமை-இலக்கமுறை' என்று எழுதிப் பாருங்கள், மூன்றாவது வரியில் எது எது என்று நமக்கே மறந்துவிடும்.

சொல்லை வாக்கியத்தில் ஓடவிட்டும் பார்க்க வேண்டும் அல்லவா, இதோ கட்டுரைக்கு ஒரு பத்தி, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"போனோடு ஒட்டி ஓடும் அலைமீட்டி போனின் மின்கலத்தையே உறிஞ்சும், தனி மின்கலம் உள்ளது பையில் கனக்கும். ஆண்ட்ராய்டு பல செயலிகளின் பாட்டை நொடிக்கு 48,000 அளவுகளாக மாற்றிவிட்டுத்தான் வெளியே அனுப்பும், எனவே பெட்டியில் 384 (ஆயிரம்) என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சில அலைமீட்டிகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2012-இல் வந்த ஆடியோக்வெஸ்ட் நிறுவனத்தின் டிராகன்ஃப்ளை அலைமீட்டியில் தும்பி வடிவ விளக்கு 44,100-க்குப் பச்சை, 48,000-க்கு நீலம். சிடி பாட்டைப் போட்டும் நீலம் எரிந்தால் வழியில் யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள்."

எனக்கு இது தடுக்காமல் ஓடுகிறது. முழுப் பொருளுக்குப் பெயர் வேண்டுமென்றால் 'பெருக்கியோடு கூடிய அலைமீட்டி' என்று முதல் முறை எழுதிவிட்டு, அப்புறம் அலைமீட்டி என்றே போகலாம், கடையில் விற்பதில் பெருக்கி இல்லாதது அரிது.

அந்த 80 ரூபாய் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பீர்கள். மறுநாள் திரும்பிப் போனேன், மாற்றித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். பக்கத்துக் கடையில் 'அலைமீட்டி இருக்கா' என்று கேட்க நாக்கு எழவில்லை, 'ஹெட்போன் மாட்டுற ஒயர், உள்ளே ஐசி இருக்கிறது' என்று தட்டுத் தடுமாறினேன். உள்ளே இருந்த பையன் தலையைத் தூக்காமலே, "சிப்பு வெச்சதா, வெறும் ஒயரா?" என்றான். சிப்பு வெச்சது. நாம் மூன்று நாள் அடித்துக்கொண்ட வேறுபாட்டை அவன் எப்போதோ பெயர் வைத்து முடித்திருக்கிறான். கட்டுரையில் அடைப்புக்குறிக்குள் இதையும் போட்டுவிடுங்கள், வாசகர் கடையில் போய்க் கேட்க உதவும்.