5 வருட வாரன்டி செராமிக் கோட்டிங்: 14 மாதத்தில் தண்ணீர் உருளுவது நின்றுவிட்டது, கிளெய்ம் செய்ய முடியுமா?

கருநீலம் (கேட்டவர்)

வணக்கம் நண்பர்களே. கருநீல செடான். வாங்கிய இரண்டாவது வாரமே செராமிக் கோட்டிங் (பெயின்ட்டைக் காக்க அதன் மேல் பூசும் மெல்லிய பூச்சு) போட்டேன். இரண்டு அடுக்கு, 9எச், 5 வருட வாரன்டி என்று சொன்னார்கள். இப்போது 14 மாதம் முடிந்திருக்கிறது.

முதல் மூன்று நான்கு மாதம் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போது பானெட்டிலும் ரூஃபிலும் தண்ணீர் தகடு மாதிரி படுத்துக்கொள்கிறது. கதவுகளில் மட்டும் இன்னும் உருளுகிறது. அதோடு பானெட் முழுக்க வெள்ளை வளையங்கள். ஈரமாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது; காய்ந்ததும் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் அசைவதில்லை. வலது ஹெட்லைட்டுக்கு மேலே பறவை எச்சம் விழுந்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நகத்தை ஓட்டினால் லேசாகத் தட்டுகிறது.

போட்ட இடத்துக்கே கொண்டு போனேன். காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "12 மாத சர்வீஸுக்கு நீங்கள் வரவில்லை, வாரன்டி முடிந்தது. பாலிஷ் போட்டு மறுபடி கோட்டிங் போட்டுவிடலாம்" என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம். அப்படி ஒரு சர்வீஸ் இருப்பதாக எனக்கு யாரும் சொன்ன நினைவே இல்லை.

என் கோட்டிங் உண்மையிலேயே போய்விட்டதா? வாரன்டி கேட்க ஏதாவது வழி இருக்கிறதா? நிறையச் செலவு செய்து, பார்த்துப் பார்த்துக் கழுவி வைத்திருந்த வண்டி. ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

பாலிஷ்கை

டீட்டெய்லிங்தான், அதாவது வண்டியைச் சுத்தம் செய்து மெருகேற்றுவதுதான், என் தொழில். முதலில் ஒன்று: யார் சொன்னாலும் இப்போதைக்கு பாலிஷ் போட விடாதீர்கள். பாலிஷ் என்பது மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கும் வேலை. கோட்டிங்கின் தடிமன் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மிஞ்சிப் போனால் 2 மைக்ரான். அடியில் இருக்கும் கிளியர் கோட்டே (பெயின்ட்டின் மேலடுக்கான நிறமற்ற பூச்சு) சுமார் 40, 50 மைக்ரான்தான். மெஷின் போய் வந்த இடத்தில் கோட்டிங் மிச்சம் இருக்காது. அப்புறம் அது நன்றாக இருந்ததா, முதலில் ஒழுங்காகப் போட்டார்களா என்று யாராலும் காட்ட முடியாது. உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்த மேற்பரப்புதான்.

பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்து "பாருங்கள், கோட்டிங் இருக்கிறது" என்று காட்டினாலும் ஏற்காதீர்கள். அந்த மீட்டரின் பிழையே ஓரிரு மைக்ரான் வரும். கோட்டிங்கின் மொத்தத் தடிமனும் அந்தப் பிழைக்குள் அடங்கிப்போகும்.

அடுத்தது, தண்ணீர் உருளாவிட்டால் கோட்டிங் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கோட்டிங்கின் மேலே சாலை எண்ணெய்ப் படலம், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்து ஒரு மேல்தோலே உருவாகும். தண்ணீர் அந்தத் தோலைத்தான் தொடுகிறது, கோட்டிங்கை அல்ல. நாங்கள் இதை "கோட்டிங் அடைத்துக்கொண்டது" என்போம். பானெட்டும் ரூஃபும் படுக்கையாக இருப்பவை. தூசி இறங்கி உட்காரும், வெயில் நேராக விழும், பானெட்டுக்கு அடியிலிருந்து எஞ்சின் சூடும் சேரும். கதவில் தண்ணீர் தானாக வழிந்துவிடும். அதனால் உங்கள் வண்டியில் கதவு நன்றாக இருந்து மேலே மட்டும் கெட்டிருப்பது எனக்கு வியப்பாக இல்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கழுவும் தண்ணீர் உப்புத் தண்ணீரா? கழுவியதும் துடைக்கிறீர்களா, வெயிலில் காய விடுகிறீர்களா? இந்த 14 மாதத்தில் ஏதாவது பளபளப்பு ஸ்ப்ரே அடித்தீர்களா?

கருநீலம்

நன்றி அண்ணா. உப்புத் தண்ணீர்தான், வாளியிலேயே வெள்ளை படியும். அவசர நாட்களில் துடைக்காமல் விட்டது உண்டு. ஸ்ப்ரே எதுவும் நான் அடிக்கவில்லை.

இன்னொரு சந்தேகம். 9எச் என்றால் கீறலே விழாது என்றார்கள். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழியில் நகக் கீறல் நிறைய இருக்கிறதே?

பாலிஷ்கை

அந்த 9எச் பென்சில் கணக்கு. ஐஎஸ்ஓ 15184 என்ற சோதனையில், பென்சிலை 45 பாகை சாய்வில், 750 கிராம் எடையோடு பெயின்ட் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். 9பி மிக மென்மையான பென்சில், 9எச் மிகக் கடினமானது. 9எச் பென்சிலும் கீறவில்லை என்பதுதான் அதன் பொருள். பென்சில் என்பது கிராஃபைட்டும் களிமண்ணும்தான். கனிமங்களின் கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவுகோலில் 9 என்றால் குருந்தம், அது வேறு உலகம். தெருத் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் மோஸ் 7. தூசி படிந்த பெயின்ட்டைக் காய்ந்த துணியால் துடைத்தால் எந்தக் கோட்டிங்கிலும் கீறல் விழும். விற்கும்போது இதைச் சொல்ல மறுப்பது எனக்கு எப்போதும் வேதனையாக இருக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். பானெட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டு பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியை மட்டும் சுத்தம் செய்யுங்கள். நிழலில், பானெட் கைக்குச் சில்லென்று இருக்கும்போது செய்ய வேண்டும். முதலில் மெழுகு கலக்காத ஷாம்பூ. பிறகு இரும்புத் தூள் நீக்கி. இரும்பு இருந்தால் அது ஊதா நிறமாகி வழியும். நன்றாக அலசிவிட்டு, கடைசியாக அமிலத் தன்மையுள்ள நீர்க்கறை நீக்கி. பாட்டிலில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள், காய விடவே கூடாது. மறுபடி நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி (கிளே பார்) வேண்டாம், அதுவும் தேய்க்கும். அப்புறம் டேப்பை எடுத்துவிட்டு இரண்டு பாதியிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றி வீடியோ எடுங்கள்.

இது முடியும் வரை சிலிக்கா ஸ்ப்ரே எதுவும் அடிக்க வேண்டாம். அது தானே தண்ணீரை உருட்டும். அடியில் கோட்டிங் இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதே மறைந்துவிடும்.

தெருவோரம்

எனக்கும் இதே கதை. மரத்தடியில்தான் நிறுத்துவேன். எச்சம் விழுந்தால் கோட்டிங் காப்பாற்றும் என்று நம்பி, வாரக் கடைசியில்தான் கழுவுவேன். கிளியர் கோட்டிலேயே பள்ளம் விழுந்துவிட்டது. எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயிலில் கிளியர் கோட் இளகும்போது உள்ளே தின்கிறது. ஒரு மைக்ரான் கோட்டிங் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். இப்போது வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் மைக்ரோஃபைபர் துணியும் வைத்திருக்கிறேன். பார்த்த உடனே ஊறவைத்து எடுத்துவிடுவேன்.

கல் தெறிப்புக்குப் பயந்து கோட்டிங் போட நினைப்பவர்கள் பிபிஎஃப் (பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம்) பற்றி யோசியுங்கள். அது 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் உள்ள பாலியூரித்தேன் படலம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசவே கூடாது.

படித்துப்பார்

வாரன்டி பற்றிச் சொல்கிறேன். என் வேலையில் இந்த மாதிரி காகிதங்களை நிறையப் படிக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் இரண்டு வாக்குறுதி இருக்கலாம். ஒன்று கோட்டிங் தயாரித்த நிறுவனத்துடையது, இன்னொன்று போட்ட கடையுடையது. சான்றிதழில் யார் பெயர், யார் கையெழுத்து, வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்களில், போட்ட கடை குறிப்பிட்ட நாட்களுக்குள் உங்கள் வண்டி எண்ணையும் பாட்டிலின் பேட்ச் எண்ணையும் பதிவு செய்தால்தான் வாரன்டியே தொடங்கும். பதிவாகியிருக்கிறதா என்று கடையிடம் கேட்காதீர்கள், நிறுவனத்திடம் நேராக மின்னஞ்சலில் கேளுங்கள்.

பின்பக்கத்துப் பொடி எழுத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, எதற்கு வாரன்டி. பளபளப்புக் குறைவு, நிறம் மங்கல், கோட்டிங் உரிதல் என்று இருக்கும். தண்ணீர் உருளுவது பெரும்பாலும் அதில் இருக்காது. இரண்டாவது, எதற்கு இல்லை. நீர்க்கறை, பறவை எச்சம், கீறல், கல் தெறிப்பு, மறுபடி பெயின்ட் அடித்த பாகம், தானியங்கி பிரஷ் வாஷ் எல்லாம் வழக்கமாக இங்கே வந்துவிடும். மூன்றாவது, நிரூபித்தால் என்ன தருவார்கள். பணம் திரும்ப வராது, கெட்ட பாகத்துக்கு மட்டும் மறு பூச்சு என்றிருக்கும். கூலி யாருடையது என்பதும் அங்கேதான் இருக்கும்.

வருடாந்திர சோதனை என்ற நிபந்தனை எழுத்தில் இருந்தால் அதைத் தட்டிக் கேட்பது கடினம். ஆனால் ஒன்று கவனியுங்கள். போடும்போதே நடந்த தவறுக்கும், நாள்பட்டுத் தேய்ந்ததற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது வேலைக் குறைபாடு. நீங்கள் சோதனைக்குப் போகாததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கருநீலம்

சோதனை செய்துவிட்டேன். வீடியோ பார்த்து எனக்கே நம்ப முடியவில்லை.

பானெட்டில் டேப்புக்கு இடப் பக்கம் (சுத்தம் செய்தது) தண்ணீர் பழையபடி முத்தாக நின்றது. வலப் பக்கம் தகடாகப் படுத்தது. நடுவில் கோடு கிழித்தது போல இருந்தது. இரும்பு நீக்கி அடித்தபோது ஊதா நிறத்தில் வழிந்ததைப் பார்த்து முதலில் பயந்தே போனேன். வளையங்களில் பாதிக்கு மேல் போய்விட்டன. மீதி, டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய விளிம்போடு பள்ளமாகத் தெரிகின்றன. எச்சத் தழும்பு அப்படியே இருக்கிறது.

ஆனால் ரூஃபில் வேறு மாதிரி. முழுக்கச் சுத்தம் செய்தும், நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பட்டையில் தண்ணீர் உருளவே இல்லை. இரண்டு பக்கமும் நன்றாக உருளுகிறது. பட்டையின் ஓரம் நேராக இருக்கிறது. இது என்ன?

பாலிஷ்கை

ஓரம் நேராக இருக்கிறதென்றால் அது தேய்மானம் இல்லை. தேய்மானம் மேகம் மாதிரி மங்கி மங்கிப் பரவும். ரூஃபுக்கு இடப் பக்கம் நின்று பாதி, வலப் பக்கம் போய் மீதி போடுவார்கள். ஸ்டூல் போட்டுக்கொள்ளாமல் எட்டிப் போட்டால் நடுவில் கை போய்ச் சேராது. அங்கே கோட்டிங் விழவே இல்லை என்பதுதான் என் கணிப்பு. புதிதாக வேலைக்கு வரும் பையன்களிடம் நான் முதலில் திருத்துவதே இந்த இடத்தைத்தான்.

முதல் சில மாதம் அங்கேயும் உருண்டதே என்று கேட்பீர்கள். டெலிவரிக்கு முன் வண்டி முழுக்க ஒரு ஸ்ப்ரே அடித்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். சில மாதத்தில் அது போய்விடும். நீங்கள் சொன்ன மூன்று நான்கு மாதம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

படித்துப்பார்

இதுதான் நான் சொன்ன வேலைக் குறைபாடு. பட்டையின் இரண்டு ஓரமும் தெரியும்படி, வண்டி எண்ணும் ஒரே ஓட்டத்தில் வரும்படி வீடியோ எடுங்கள். பானெட்டைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். நீர்க்கறை என்ற சொல் வந்தாலே முழுக் கோரிக்கையையும் விலக்குப் பட்டியலுக்குள் தள்ளிவிடுவார்கள். "ரூஃபின் இந்த இடத்தில் பூச்சு பூசப்படவில்லை" என்று மட்டும் கேளுங்கள். கடைக்கும் நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கருநீலம்

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

சான்றிதழின் பின்பக்கத்தில் 12 மாத சோதனை நிபந்தனை இருக்கத்தான் செய்கிறது, முன்பின் 30 நாள் சலுகையோடு. நான்தான் படிக்கவில்லை. நிறுவனத்திடம் கேட்டதில் பதிவு சரியாக இருந்தது. 5 வருட வாரன்டி தொடராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ரூஃப் வீடியோவைப் பார்த்து, அது பூச்சு வேலையில் நடந்த தவறு, கடைதான் சரிசெய்ய வேண்டும் என்று கடைக்கும் நகல் போட்டு எழுதினார்கள்.

கடைக்காரர் மறுநாளே கூப்பிட்டார். அவர் முன்னாலேயே ரூஃபில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு ஸ்டூலைக் கொண்டுவரச் சொன்னார். ரூஃப் முழுவதையும் பாலிஷ் செய்து புதிதாகப் பூசிக் கொடுத்தார், கட்டணம் வாங்கவில்லை. ஒரு நாள் முழுக்க உள்ளேயே வைத்திருந்து, ஒரு வாரம் ஷாம்பூ போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

பானெட்டின் மறுபாதியையும் நானே சுத்தம் செய்துவிட்டேன். மிச்சமிருக்கும் பள்ளங்களுக்காக பாலிஷ் போட மனம் வரவில்லை, உயிரோடு இருக்கும் கோட்டிங்கை எதற்கு எடுக்க வேண்டும்? எச்சத் தழும்பு மட்டும் உறுத்துகிறது. அந்த ஒரு இடத்தை மட்டும் தேய்த்துப் பூச முடியுமா அண்ணா?

பாலிஷ்கை

முடியும். நகத்தில் தட்டும் ஆழம் என்றால் முழுக்கப் போக்க நினைக்காதீர்கள், கிளியர் கோட் மெலிந்துவிடும். விளிம்பை மட்டும் மழுக்கினால் வெளிச்சம் அங்கே உடையாது, கண்ணுக்குப் பாதி மறைந்துவிடும். தேய்க்கும் முன் மீட்டர் வைத்து அந்த இடத்துத் தடிமனையும் பக்கத்துத் தடிமனையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு மீட்டர் உண்மையிலேயே உதவும். அதுவரை கழுவியதும் துடைத்துவிடுங்கள், உப்புத் தண்ணீரைக் காய விடாதீர்கள்.