காதைக் குத்தும் கிட்டார் ஒலியோடு நாங்கள் மூவர் பட்ட பாடு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்கிட்டார் ஒன்றைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒயிட் டவுனில், பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் இயங்கும் உணவகத்தில் வாசித்தபோது, முன்மேசையில் அமர்ந்திருந்த என் மாமா இடைவேளையில் எழுந்து வந்து, "தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்குப்பா" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் நான் நின்ற இடத்தில் ஒலி மங்கலாகவே கேட்டது, அதனால்தான் ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள் குமிழை எட்டு வரை ஏற்றி வைத்திருந்தேன்.

பிழை குமிழில் இல்லை, ஆம்ப் இருந்த இடத்தில் இருந்தது. கிட்டார் ஆம்பில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர், உயர்ந்த அதிர்வெண்களை நேரெதிரே குறுகிய கற்றையாகத்தான் செலுத்தும். தரையில் வைத்த ஆம்புக்கு இரண்டடி தள்ளி நிற்பவருடைய முழங்காலுக்குத்தான் அந்தக் கூர்மை போய்ச் சேரும், காதுக்கு வராது. அறையின் அந்தக் கோடியில் இருப்பவருக்கோ அது முழுதாகப் போய்ச் சேரும். போதாக்குறைக்குச் சுண்ணாம்புச் சுவரும் ஓடு பதித்த தரையும் எதையும் உறிஞ்சாமல் திருப்பி அனுப்பின. ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, என் காதைப் பார்க்கும்படி சற்றே பின்னால் சாய்த்து வைத்தேன். அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்திலேயே மாமா பட்ட துன்பம் புரிந்தது. யாரும் சொல்லாமலே ட்ரெபிளை நான்குக்கு இறக்கினேன்.

அன்று காலைதான் புதிய கம்பிகளை மாட்டியிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் கம்பிகள் விரைவில் துருவேறி மங்கிவிடுவதால், மங்கிய கம்பிக்கு ஏற்ப வைத்த அளவுகளை அப்படியே புதிய கம்பிக்கும் விட்டுவிடும் பழக்கம் எனக்கு இருந்தது.

மஞ்சக்குப்பம், கடலூர்

என் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சிக்கல் கிட்டாரின் உள்ளேயே இருந்தது. 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூல அமைப்பில் கூர்மையைக் குறைக்கும் இரண்டு டோன் குமிழ்களும் கழுத்துப் பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும் உரியவை (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்; இதில் மூன்று உண்டு). மூன்றிலும் கூர்மையான, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கட்டுப்பாடே கிடையாது. இது தெரியாமல், பிரிட்ஜில் வாசித்துக்கொண்டே டோன் குமிழைத் திருகித் திருகி, குமிழ் கெட்டுவிட்டது என்று பல மாதங்கள் நம்பியிருந்தேன். ரேடியோ பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், சுவிட்சில் நடுப் பிக்கப்பின் டோன் முனையிலிருந்து பிரிட்ஜ் முனைக்கு ஓர் அங்குல ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தார். இப்போது அந்தக் குமிழை ஏழில் வைத்தாலே போதுமானதாக இருக்கிறது.

அதே சமயத்தில் டோன் குமிழோடு இணைந்த 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 0.047 போட்டது வீண் வேலை. குமிழ் பத்தில் இருக்கும்போது அந்த மாற்றம் அநேகமாகக் கேட்பதே இல்லை. நன்றாக இறக்கிய பிறகுதான் வேறுபாடு தெரிகிறது. உண்மையில் உதவியது, முன்பு வைத்திருந்தவர் பொருத்தியிருந்த 500 கிலோஓம் வால்யூம் பாட் (ஒலியளவுக் குமிழின் அடியிலுள்ள மாறு மின்தடை) என்பதை அகற்றிவிட்டு, இதில் உள்ளது போன்ற சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகளுக்கு வழக்கமாகப் போடும் 250 கிலோஓம் மின்தடையைப் பொருத்தியதுதான். செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு: பிக்கப்பின் மெல்லிய கம்பிப் பக்கத்துத் திருகைச் சற்று இறக்கிப் பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

ஆம்பே இல்லாமல் பிராசஸரை (கிட்டார் ஒலியை மாற்றும் மின்னணுக் கருவியை) நேராகப் பொது ஒலிபெருக்கிக்கான மிக்சரில் செருகி வாசிப்பவன் நான். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டதும் தேனீக்கூட்டைக் கலைத்தது போல ஓர் இரைச்சல் எழும். அதற்காகக் கிட்டாரையே விற்றுவிட எண்ணியிருந்த நிலையில், பிராசஸரில் கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்கச் செய்யும் அமைப்பு) அணைந்திருப்பதைத் தம்பி கண்டுபிடித்தான். கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாகக் குறைத்துவிடும். பொது ஒலிபெருக்கியோ அனைத்தையும் அப்படியே வெளியே தள்ளும். சிமுலேஷனை இயக்கி, உயர் அதிர்வெண்களை வெட்டும் "ஹை கட்" அளவை 6 கிலோஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். கிட்டார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.